கண்ணிவெடி உடன்படிக்கையும் நாடுகளின் அறமும்

எப்பொருளை விளக்கப் புகுந்தாலும் அப்பொருளை முதலில் மாணவர் கண்முன் வைத்தல் வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சி வகுப்புகளில் நாம் பல்லாண்டுகள் வலியுறுத்தி வந்தோம். இன்றைய பாடத்தின் பொருளை அவ்வாறு வைக்க இயலாது. அது ஆட்களைக் கொல்லும் கண்ணிவெடி. மண்ணுக்கடியில் கையகல அளவில் கிடப்பது. தன்னை மிதிப்பவர் எவர் என்பதை அது அறியாது. போர் ஓய்ந்து சமாதானம் கையெழுத்தான செய்தியும் அதற்கு எட்டுவதில்லை. படைவீரன் காலும் விறகு பொறுக்கும் பெண்ணின் காலும் அதற்கு ஒன்றே.

கம்போடியா, அங்கோலா, மொசாம்பிக் முதலிய நாடுகளில் போர் முடிந்த பின்னரும் உழவரும் சிறுவரும் கால் இழந்து வந்தனர். அதனைக் கண்டு 1992 ஆம் ஆண்டில் ஆறு தொண்டு அமைப்புகள் கூடி, இவ்வாயுதத்தை அறவே தடை செய்யும் இயக்கத்தைத் தொடங்கின. பெருவல்லரசுகள் முன்வராத நிலையில், நடுத்தர வலிமையுள்ள கனடா நாடு 1996 இல் முன்னின்று அழைத்தது. 1997 டிசம்பரில் ஒட்டாவா நகரில் 122 நாடுகள் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. அவ்வாண்டின் அமைதிக்கான நோபெல் பரிசும் அவ்வியக்கத்திற்கும் அதனை வழிநடத்திய ஜோடி வில்லியம்சு அம்மையாருக்கும் கிடைத்தது. கையிருப்பை 4 ஆண்டுகளில் அழிக்க வேண்டும். புதைத்தவற்றை 10 ஆண்டுகளில் அகற்ற வேண்டும் என்பன அதன் முக்கிய விதிகள். 5 கோடிக்கும் மேற்பட்ட வெடிகள் இதனால் அழிக்கப்பட்டன. மொசாம்பிக் நாடு 2015 இல் தன் நிலம் தூய்மையாயிற்று என அறிவித்தது. இலங்கையும் 2017 டிசம்பரில் இதில் இணைந்தது.

அமெரிக்கா, உருசியா, சீனா, பாகிஸ்தான் ஆகியவை இணையவில்லை. நம் பாரத நாடும் இணையவில்லை என்பதை மறைத்தல் நேர்மையன்று. நீண்ட எல்லையைக் காக்க வேண்டியிருப்பதே அதற்குக் கூறப்படும் காரணம்.

இனி, காலம் மாறிய விதத்தைப் பார்ப்போம். வீட்டில் உலகப்படம் இருப்பின் விரித்து வைத்துக் கொள்க. 2022 பிப்ரவரியில் உருசியா உக்ரைன் மீது படையெடுத்தது. அதன் அருகிலுள்ள சிறு நாடுகள் அஞ்சின. எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்தும் 2025 இல் விலகல் அறிவிப்புக் கொடுத்தன. பின்லாந்தின் நிலை சிந்திக்கத்தக்கது. உருசியாவுடன் சுமார் 1,340 கிலோமீட்டர் எல்லை உடைய அந்நாடு 2012 இல்தான் உடன்படிக்கையில் சேர்ந்து, 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட வெடிகளைத் தானே அழித்திருந்தது.

உடன்படிக்கையில் நுட்பமான விதி ஒன்று உண்டு. விலக விரும்பும் நாடு ஆறு மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும். அம்முடிவில் அந்நாடு போரில் ஈடுபட்டிருந்தால், போர் முடியும் வரை விலகல் செல்லாது. துன்பம் வரும் வேளையில் கைவிடும் வாக்கு வாக்கு ஆகாது என்பதை வரைந்தவர்கள் உணர்ந்திருந்தனர் போலும். எனவே போரிலிருக்கும் உக்ரைன் விலக முடியவில்லை. 2025 இல் உடன்படிக்கையை ‘நிறுத்தி வைப்பதாக’ அறிவித்தது. அவ்வாறு நிறுத்தி வைக்க உடன்படிக்கையில் இடமில்லை என்று உறுப்பு நாடுகள் சில மறுப்புத் தெரிவித்தன.

இந்நாடுகளைப் பாவிகள் என்று நாம் எளிதில் கூறிவிடலாமா? நாம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எழுதுகிறோம். அவர்கள் எல்லையில் நிற்கிறார்கள். தாக்க வருவோனைத் தடுக்கும் விரோதி இம்சையை இல்லறத்தார்க்கு முற்றும் விலக்க இயலாது என்பதை நம் பெரியோரும் ஒப்புக் கொண்டனர். ஆயினும் அங்கே ஒரு பகைவன் எதிரே நிற்கிறான். அவன் திரும்பிச் சென்றால் வாளும் உறைக்குள் செல்லும். கண்ணிவெடிக்கு உறை இல்லை. பகைவன் சென்ற பின் அது எவரைத் தடுக்கிறது?

வரைபடம் வைத்து, வேலியிட்டுப் பொறுப்புடன் புதைப்போம் என்பது விலகுவோர் மறுமொழி. அதில் உண்மை சிறிது உண்டு. ஆனால் 2023 சூன் மாதம் உக்ரைனில் ககோவ்கா அணை உடைந்தபோது, வெள்ளம் கண்ணிவெடிகளை இடம்பெயர்த்து ஆற்றோடு கொண்டு சென்றது. எந்த வரைபடம் அவற்றின் புதிய இடத்தைக் காட்டும்? வேலி அமைத்தவருக்கு வெள்ளம் கீழ்ப்படிவதில்லை. ஆகவே விலகியோரின் அச்சம் நியாயமானது என்றும், அவர்கள் எடுத்த கருவி தவறானது என்றும் நாம் கருதுகிறோம்.

நார்வே நாட்டை உலகப்படத்தின் வடகோடியில் காண்க. அதற்கும் உருசியாவுடன் சுமார் 200 கிலோமீட்டர் எல்லை உண்டு, அது விலகவில்லை. எல்லை குறுகியது என்பதால்தானா, வேறு காரணமும் உண்டா என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து ஆராய்ந்து பார்க்கலாம்.