எஸ்எம்பஸ் வழியே 24சி256

கேள்வி: இன்டெல் சிப்செட் கொண்ட எம்பெடட் லினக்ஸ் போர்டில் 24சி256 ஈஈப்ராமைப் படிக்க ஐ2சி_ஆர்டிடபிள்யூஆர் அழைப்பைப் பயன்படுத்தினால் பிழை எண் 95 வருகிறது. அதே நிரல் ராஸ்ப்பெர்ரி பையில் ஓடுகிறது. மாற்று வழி உண்டா?

பதில்: பிழை எண் 95 என்றால் இந்த வசதி இங்கே இல்லை என்று பொருள். சிப்பையோ ஒயரையோ சந்தேகிக்க வேண்டியதில்லை. ராஸ்ப்பெர்ரி பையின் கன்ட்ரோலர் முழு ஐ2சி பேசும். இன்டெல் சிப்செட்டின் ஐ801 கன்ட்ரோலரோ எஸ்எம்பஸ் வகை. பைட், வேர்டு, பிளாக் என அச்சடித்த படிவங்களைத் தவிர வேறெதையும் ஏற்காது. முழு ஐ2சி இருக்குமிடத்தில் எஸ்எம்பஸ் கட்டளைகளைக் கெர்னலே அமைத்துக் கொடுத்துவிடும். தலைகீழாக அது நடக்காது. ஐ2சிடிடெக்ட் கருவியை -எஃப் சேர்த்து ஓட்டினால் எது உண்டு, எது இல்லை என்ற பட்டியல் வரும். நிரலுக்குள் ஐ2சி_ஃபங்க்ஸ் அழைப்பு அதையே சொல்லும். முதலில் செய்ய வேண்டிய இந்த வேலையைப் பலரும் பிழை வந்த பிறகே செய்கிறார்கள்.

24சி256இன் உள்முகவரிக்கு இரண்டு பைட் வேண்டும். எஸ்எம்பஸ் கட்டளையில் அதற்கு ஒரு பைட்டுக்குத்தான் இடம். இதற்கொரு குறுக்குவழி உண்டு. ரைட் பைட் டேட்டா கட்டளையில், கட்டளை பைட்டாக முகவரியின் மேல் பாதியையும் தரவு பைட்டாகக் கீழ்ப் பாதியையும் அனுப்ப வேண்டும். சிப் இரண்டையும் முகவரி என்றே எடுத்துக்கொள்ளும். பின்னால் தரவு வராததால் எதையும் எழுதாது, உள்சுட்டி மட்டும் அந்த இடத்துக்கு நகரும். அதன்பின் ரீட் பைட் கட்டளையை அடுத்தடுத்து அழைத்தால் சுட்டி தானே முன்னேறி ஒவ்வொரு பைட்டாகத் தரும். கெர்னலின் ரெஜ்மேப் பகுதியிலும் 16 பிட் முகவரிக்கு இதே உத்தி இருக்கிறது. பஸ்ஸில் இன்னொரு மாஸ்டர் இருந்தால் மட்டும் இது நம்பத்தக்கதல்ல. இடையில் புகுந்து சுட்டியை அது நகர்த்திவிடலாம்.

எழுத ரைட் வேர்டு டேட்டா உதவும். வேர்டின் கீழ் பைட் முதலில் போவதால் அதில் முகவரியின் கீழ்ப் பாதி, மேல் பைட்டில் தரவு. ஒவ்வொரு பைட்டுக்கும் 5 மில்லிவினாடி காத்திருந்தால் 32,768 பைட்டுக்கு ஏறக்குறைய 164 வினாடி ஆகும்.

இந்த உத்தியில் பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இத்தகைய போர்டுகளில் ரேம் கார்டுகளின் எஸ்பிடி சிப்புகளும் பெரும்பாலும் அதே பஸ்ஸில், ஹெக்ஸ் 50 முதல் 57 வரையிலான முகவரிகளில் அமர்ந்திருக்கும். அவற்றின் உள்முகவரி ஒரே பைட். தவறி மேற்சொன்ன கட்டளையை அங்கே அனுப்பினால், முகவரியின் கீழ்ப் பாதியைத் தரவென்று எண்ணி எழுதிக்கொள்ளக்கூடும். போர்டு பூட் ஆகாமல் போகலாம். எனவே ரேம் பிடித்திராத முகவரி கிடைக்கும்படி 24சி256இன் முகவரிக் கால்களை முதலிலேயே இணைத்துவிட வேண்டும்.