மண்சட்டியைப் பரணிலிருந்து இறக்குவோம்!



குழுக் கூட்டத்தில் மண்பாண்டம் பற்றிப் பேச்சு வந்தால் போதும், "மண்சட்டி மீன்குழம்புக்கு ஈடே கிடையாது" என்று எல்லோரும் சொல்கிறோம். "உங்க வீட்டுச் சட்டி இப்போ எங்கே?" என்று கேட்டால், "பரண்மேல இருக்குக்கா", "ஒரே மாசத்துல விரிசல் விட்டுப்போச்சுக்கா" என்று பதில் வருகிறது. மண்பாண்டத்தைப் புழங்கும் பழக்கம் நம்மிடம் விட்டுப்போச்சு. அதைத் திரும்பக் கற்றுக்கொள்வதே இந்த மாதப் பாடம்.

நம்ம பகுதியும் மண்பாண்டமும்

தாம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ள பல்லாவரத்தில், 1880களில் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் அறிஞர் சுடுமண்ணால் செய்த ஈமப்பேழையைக் கண்டெடுத்தார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான அந்தப் பேழையை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அவ்வளவு காலமாக இந்த மண்ணில் நடந்துவரும் கைத்தொழில் இது. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால், சக்கரத்தில் பானை வனைவதை நேரிலேயே காட்டலாம்.

கையால் வனைந்த சட்டியின் உள்ளே தடவிப் பாருங்கள். வனைந்தவரின் விரல் ஓடிய வரி தெரியும். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. இறக்கி வைத்த பிறகும் குழம்பு தளதளவென்று கொதிக்கும். தயிர் உறை ஊற்றினால் நீரைச் சட்டி இழுத்துக்கொள்ள, தயிர் கெட்டியாக இருக்கும். தினமும் புழங்கினால்தான் இந்தச் சுகம் தெரியும்.

வாங்கும்போது

1. விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்த பாண்டம். மந்தமாகக் கேட்டால் விரிசலோ, சூளையில் வேகாத குறையோ இருக்கலாம்.
2. பளபளக்கும் வண்ணம் பூசியதைச் சமைக்க வாங்க வேண்டாம். சில மெருகுப் பூச்சுகளில் ஈயம் இருக்கும். புளியும் தயிரும் அதை உணவில் இறக்கிவிடும்.

பழக்குவது எப்படி?

1. புதுச் சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வையுங்கள்.
2. வடித்த கஞ்சியை ஊற்றிச் சிறுதீயில் கொதிக்கவிட்டு ஆறவிடுங்கள். இரண்டு, மூன்று நாள் இப்படிச் செய்யுங்கள்.
3. வெயிலில் காய்ந்ததும் உள்ளே நல்லெண்ணெய் தடவி வையுங்கள்.

தினமும் கவனிக்க

வெறும் சட்டியை அடுப்பில் ஏற்றக் கூடாது. சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். தீயைச் சிறிதாக வைத்து, மரக்கரண்டியால் கிண்டுங்கள். "கேஸ் அதிகம் ஆகுமேக்கா" என்று கேட்பீர்கள். மண்சட்டி சூடேற நேரமாகும் என்பது உண்மைதான். ஆனால் சூடு சீக்கிரம் ஆறாது. அதனால் குழம்பு முழுவதும் வற்றும் முன்பே அடுப்பை அணைத்துவிடலாம்.

சோப்புத்தூள் வேண்டாம். மண்ணின் நுண்துளைகளில் அது இறங்கிவிடும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, ஈரம் போகக் காயவையுங்கள். ஈரத்தோடு கவிழ்த்தால் பூஞ்சை பிடிக்கும்.

தண்ணீர்ப் பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துப்போகிறது. அதனால்தான் தண்ணீர் குளிர்கிறது. காற்றோட்டமான இடத்தில் பிரிமணை மேலோ மணல் மேலோ வையுங்கள். கடற்காற்றில் ஈரம் மிகுந்த புழுக்கமான நாளில் குளிர்ச்சி குறையும். பானையில் கோளாறு என்று எண்ண வேண்டாம். போர் தண்ணீரின் உப்பு வெளியே வெள்ளையாகப் படிந்து துளைகளை அடைக்கும். வாரம் ஒருமுறை நாரால் தேய்த்துவிடுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: பானை தண்ணீரைக் குளிரவைக்கும், கிருமியைக் கொல்லாது. காய்ச்சி ஆறவைத்த நீரையே ஊற்றுங்கள்.

வனைபவரின் அடுப்பும் எரிய வேண்டும்

மழைக்காலத்தில் பானை காயாது, சூளை எரியாது. அதனால் அந்த மாதங்களில் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. பொங்கலுக்கு ஒரு பானை வாங்குவதோடு நாம் நிறுத்திக்கொண்டால் அந்தக் குடும்பம் எப்படிப் பிழைக்கும்? நாம் தினமும் புழங்கினால்தான் அடுத்த சட்டிக்குத் தேவை வரும், சக்கரமும் சுற்றும்.

குழுவில் பேசுவோம்

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் மண்சட்டி பரணில் இருக்கிறது?
2. எல்லோருக்கும் வேண்டிய சட்டிகளைச் சேர்த்து, வனைபவரிடமே நேரடியாக வாங்க முடியுமா?
3. மழைக்கு முன்பே முன்பணம் கொடுத்துச் சொல்லிவைக்கலாமா?

முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். இந்த வாரமே ஒரு சட்டியை இறக்கிப் பழக்குங்கள், சகோதரிகளே!