ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, வராமல் இருக்கக் கூடாது

சர்க்கரை மாத்திரைக்கு வரிசையில் நிற்கிற எல்லாரிடமும் டாக்டர் சொல்வது ஒன்றுதான்: தினமும் அரை மணி நேரம் நடங்க. திருத்தங்கலில் அதைக் கேட்டுத் தலையாட்டாதவர் இல்லை. விடாமல் நடந்தவர்களும் அதிகமில்லை. இதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். விடிந்ததும் வேன் ஏறிப் பட்டாசு ஆலைக்குப் போய், நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, வீடு திரும்பித் தண்ணீர் பிடித்து உலை வைக்கிற பெண்ணை அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த உழைப்பில் விரல்கள்தான் ஓயாமல் ஓடுகின்றன. தொடையும் இடுப்பும் அசையாமல் கிடக்கின்றன. இரத்தத்திலுள்ள சர்க்கரையை வாங்கி எரிக்கிற பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன.

நடப்பதற்கும் இங்கே வசதி குறைவு. ரோட்டில் லாரி, தெருவில் நாய். போதாததற்கு, கையில் பையில்லாமல் ஒரு பெண் நடந்தால் எதிரே வருகிற நாலு பேரும் "எங்க போறீக?" என்று நிறுத்துவார்கள். முதல் வாரம் பதில் சொல்லலாம், அப்புறம் நடையே நின்றுபோகும்.

நான் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கும் சர்க்கரை உண்டு. வயதான சர்க்கரைக்காரர்களுக்குத் தனி நடையைவிடக் குழு ஆட்டமே அதிக நாள் நிலைக்கிறது என்பதை எங்கள் தெருப் பெண்களோடு ஆடித்தான் உறுதியாகத் தெரிந்துகொண்டேன். தனியாக நடக்கிறவர் ஒரு நாள் வராவிட்டால் கேட்க ஆளில்லை. பக்கத்துக்கு ஏழு பேர் வேண்டிய ஆட்டத்தில் ஒருவர் வராவிட்டால் வீட்டு வாசலுக்கே ஆள் வந்துவிடும்.

நாங்கள் ஆடுவது எறிபந்து. சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920-இல் தொடங்கிய ஹாரி குரோ பக் காலத்தில் அங்கே வேர்விட்டு, பிறகு தமிழ்நாட்டுப் பெண்கள் பள்ளிகளில் எல்லாம் பரவிய ஆட்டம். எங்கள் வயதுப் பெண்களில் எட்டாவது வரை படித்தவர்கூடப் பள்ளியில் ஒரு முறையாவது அந்தப் பந்தைப் பிடித்திருப்பார். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் கூச்சமே இல்லை. கைப்பந்தைப் போல அடிக்க வேண்டியதில்லை. பிடித்து, நெட்டுக்கு அந்தப் பக்கம் எறிந்தால் போதும்.

இதை முதியவர்களுக்கு ஏற்றபடி மாற்றும் யோசனையை, நடந்தே ஆடும் கால்பந்தைப் பற்றிப் படித்தபோது எடுத்துக்கொண்டேன். 2011-இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்காகத் தொடங்கிய ஆட்டம் அது. ஓடினால் தவறு, ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். போர்ச்சுகலில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள நடுத்தர வயது, முதிய ஆண்களை இதை ஆடவைத்துப் பார்த்து, பாதுகாப்பாக ஆட முடிகிறது என்று 2020-இல் ஆய்வும் வெளியிட்டிருக்கிறார்கள். அந்த ஒரு கால் விதியை அப்படியே எறிபந்துக்குக் கொண்டுவந்தோம். குதித்துப் பிடித்தால் எதிரணிக்குப் புள்ளி.

மற்ற விதிகளை எங்கள் உடம்பு மாற்றியது. முறையான ஆட்டத்தில் நெட் 2.2 மீட்டர் உயரம். நாங்கள் தலை மட்டத்துக்கு இறக்கிவிட்டோம். பந்தைத் தோளுக்கு மேலிருந்துதான் எறிய வேண்டும் என்பது விதி. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். ஜாக்கெட் கொக்கி மாட்டவே கை பின்னால் போகாதவர்கள் எங்களில் உண்டு. அதனால் இடுப்பிலிருந்து தூக்கி எறியலாம் என்று வைத்தோம். கையில் பந்தை வைத்திருக்க மூன்று விநாடிதான் அனுமதி, அதை ஐந்தாக்கினோம். பந்தும் சிறுவர்கள் விளையாடும் பெரிய ரப்பர் பந்து. கனமான பந்து விரலை மடக்கிவிட்டால் வீங்கிய விரலோடு ஆலையில் வேலை பார்க்க முடியாது, அன்றைய கூலி போய்விடும்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டத்தின் நடுவில் சர்க்கரை இறங்குவதுதான் எங்களுக்கு இருக்கிற பெரிய ஆபத்து. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குத்தான் கவனம் வேண்டும். யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். இன்சுலின் போடுகிறவர்களிடம், ஆட்டத்துக்கு முன் தொடையில் ஊசி போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். அசைகிற தொடையிலிருந்து மருந்து சீக்கிரம் ஏறிவிடும். ஆடுமுன் பார்க்கும்போது 100-க்குக் கீழே இருந்தால், ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

சர்க்கரை இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், படபடக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். விருதுநகர் மாவட்ட வெயிலில் எல்லாருக்கும்தான் வேர்க்கிறது, அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அட்டெனலால் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமலே போகலாம். ஒரு மாலை, எங்களில் அதிகம் சத்தம் போடுகிற மதினி ஒருவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். நேராக மார்புக்கு வந்த பந்தை விட்டார். "என்ன மதினி?" என்று கேட்ட பிள்ளையிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். பக்கத்தில் நின்றவர் உடனே கையைப் பிடித்து உட்கார வைத்தார். மெஷினில் பார்த்தால் 58. அன்று மதியம் சொந்தத்தில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்ப் பந்தி தாமதமாகி, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நேராக ஆட வந்திருக்கிறார். தனியாக நடக்கப் போயிருந்தால் ரோட்டோரத்தில் விழுந்திருப்பார். வழக்கமாகப் பேசுகிறவர் பேசாமலிருப்பதும், எளிய பந்தை விடுவதும், சிடுசிடுப்பதும் கூட ஆடுகிறவர் கண்ணுக்குத்தான் படும். மாத்திரையைவிட இந்தக் கண்ணை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அப்படி இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். 70-க்கு மேல் ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லார் பையிலும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருக்கும். அவசரத்துக்கு அது உதவாது. கடலையின் எண்ணெய், வெல்லம் இரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை ஏறிய பிறகு பசியாற அதைச் சாப்பிடலாம்.

அடுத்தது கால். பட்டாசு ஆலையில் மருந்து உள்ள அறைக்குச் செருப்பில்லாமல் போய்ப் பழகியவர்கள் நாங்கள். வீட்டிலும் கோயிலிலும் வெறுங்கால்தான். மரத்துப்போன பாதத்துக்கு அந்தப் பழக்கம் எவ்வளவு ஆபத்து என்பதை ஒரு சத்தம் எங்களுக்குக் காட்டியது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்ந்த அக்கா ஒருவர் ரப்பர் செருப்போடு வந்து சிமென்ட் திண்ணையில் ஏறினார். அடி வைக்க வைக்க டக், டக் என்று கேட்டது. செருப்பைக் கழற்றித் திருப்பினால், சீமைக் கருவேல முள் ஒன்று அடிப்பக்கம் ஒடிந்து நீட்டிக்கொண்டிருந்தது. மறுமுனை பெருவிரலுக்குக் கீழே சதைக்குள் போய் வந்திருக்கிறது. ஒரு சொட்டு இரத்தம் உறைந்திருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியலயே டீச்சர்" என்றார். எவ்வளவு தூரம் அப்படி நடந்து வந்தார் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று அவரை ஆட விடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்ச் சுத்தம் செய்து ஊசி போட்டோம். புண் ஆறும்வரை திண்ணையில் உட்கார்ந்து புள்ளி எழுதினார்.

அதிலிருந்து மூடிய கேன்வாஸ் ஷூ கட்டாயம். சேலைக்கு ஷூவா என்று முதலில் கூச்சப்பட்டார்கள். பேத்தியின் பள்ளி ஷூவைப் போட்டு ஒருவர் வந்தார், மறுவாரம் கூச்சம் போய்விட்டது. சாக்ஸ் வெள்ளையாக இருக்க வேண்டும்; இரத்தமோ நீரோ பட்டால் உடனே தெரியும். போடுமுன் ஷூவைக் கவிழ்த்துத் தட்ட வேண்டும். ஆடி முடித்ததும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் பாதத்தை மற்றவர் பார்க்கிறோம், விரலிடுக்கு உட்பட. நம் உள்ளங்காலை நாமே குனிந்து பார்க்க இந்த வயதில் இடுப்பு விடாது. கால் ஆணியைப் பிளேடால் சீவுகிறவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்; தயவுசெய்து வேண்டாம். எரிகிறது என்று வெந்நீரில் காலை வைப்பதும் வேண்டாம். சூடு தெரியாத கால் வெந்துபோகும்.

வாரத்துக்கு 150 நிமிடம், இடையில் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடாமல் என்பது மருத்துவர்கள் சொல்கிற கணக்கு. உழைத்த தசை சர்க்கரையை எளிதாக வாங்கிக்கொள்ளும் அந்தப் பழக்கம் ஒன்றிரண்டு நாளில் மங்கத் தொடங்கிவிடும், அதனால்தான். சனிக்கிழமை இங்கே சம்பள நாள், கடைத்தெருவுக்குப் போக வேண்டும். ஆகவே திங்கள், புதன், வெள்ளி மாலையும் ஞாயிறு காலையும் என்று வைத்திருக்கிறோம். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஆலையில் வேலை நெருக்கும். பக்கத்துக்கு நாலு பேர்தான் தேறுவார்கள். மைதானத்தைச் சுருக்கிக்கொண்டு அந்த நாலு பேரோடு ஆடுகிறோம். ஆட்டத்தை மட்டும் நிறுத்துவதில்லை, ஏனென்றால் நின்ற குழுவைத் திரும்பச் சேர்ப்பது மிகவும் கஷ்டம்.

2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. ஒவ்வொரு தெருவிலும் ஒரு அணிக்கு ஆள் தேறும். தொடங்குமுன் இதயத்தையும் கண்ணையும் காட்டிவிடுங்கள். விழித்திரையில் இரத்தக் கசிவு இருப்பவர் டாக்டர் சொல்லாமல் இறங்கக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவருகிற தங்கச்சியிடம் பிரஷரையும் பார்த்துக்கொள்ளலாம். செலவு, இரண்டு சவுக்குக் கம்பு, ஒரு நெட், ஒரு பந்து. மெஷினுக்கான பட்டைதான் விலை அதிகம். அதைப் பங்கு போட்டு வாங்குகிறோம்.

இப்போது வீட்டு ஆண்கள் சிலரும் ஓரமாக வந்து நின்று பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஞாயிறு ஆறரை மணிக்குத் தனி ஆட்டம் வைக்கப்போகிறோம். ஷூவும் வெள்ளைச் சாக்ஸும் மாத்திரைச் சீட்டும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.