உப்பும் குருதியமுக்கமும்



"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்றனர் எம் முன்னோர். "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்றவர்களும் அவர்களே. உப்பைப் பொறுத்தவரை இவ்விரு மொழிகளும் உண்மை என்பதை இப்பாடத்திற் காண்போம்.

குருதி, நாடிகளின் சுவரைத் தள்ளும் விசையே குருதியமுக்கம் ஆகும். தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். பாயும் நீர் கூடினாலும், குழாயின் வாய் ஒடுங்கினாலும் உள்ளே அமுக்கம் உயரும். உடலில் இவ்விரண்டையும் ஆள்வதில் ஓமோன்களுக்குப் பெரும் பங்குண்டு. ஓமோன் என்பது குருதிவழியே சென்று தொலைவிலுள்ள உறுப்புக்குக் கட்டளை சொல்லும் தூதுவன்.

உடலில் உப்புக் குறைந்தால் நிகழ்வது யாது? சிறுநீரகம் அதனை உணர்ந்து இரெனின் என்னும் நொதியத்தை வெளிவிடும். அது ஈரல் ஆக்கிய புரதம் ஒன்றை வெட்டும். வெட்டிய துண்டு, பெரும்பாலும் சுவாசப்பையில், அஞ்சியோதென்சின் என்னும் வலிய ஓமோனாக மாறும். இது நாடிகளை ஒடுக்கும். சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அதிரீனல் சுரப்பியைத் தூண்டி அல்டோஸ்தெரோனைச் சுரக்கச் செய்யும். அல்டோஸ்தெரோன், "உப்பை வெளியே விடாதே" எனச் சிறுநீரகத்திற்கு ஆணையிடும்.

உப்பு மிகுந்தால் தாகம் எடுக்கும். உடல் நீரைத் தேக்கும். குருதியின் கனவளவு கூடும். அப்போது இரெனினும் அல்டோஸ்தெரோனும் குறையவேண்டும். அத்துடன், விரிவடைந்த இதயமும் ஓர் ஓமோனைச் சுரந்து, உப்பை வெளியேற்றுமாறு சிறுநீரகத்தைப் பணிக்கும். இதயமும் ஒரு சுரப்பியே என்பதை 1981 ஆம் ஆண்டில் கனடாவிலே டி போல்ட் என்னும் அறிஞர் வெளிப்படுத்தினார்.

ஆயினும், உப்பு அரிதாயிருந்த காலத்தில் அதனைக் காத்துக்கொள்ளவே எமது உடல் பழகியது. நாள்தோறும் மிகையாக வரும் உப்பை வெளியேற்ற எல்லோருடைய சிறுநீரகமும் ஒரேயளவு வல்லதன்று. முதியோர், சிறுநீரகம் நலிந்தோர், அல்டோஸ்தெரோன் மிகையாகச் சுரப்போர் ஆகியோரில் அமுக்கம் எளிதில் உயரும். பெரும்பாலும் நோவும் இல்லை, அறிகுறியும் இல்லை. பாரிசவாதமோ மாரடைப்போ வந்தபின்னரே பலர் அறிகின்றனர்.

ஊரிலே இப்பாடத்தைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்து கற்பித்தவர்கள் நாம். ஆனால் எமது உணவுத் தட்டை நாம் உற்றுநோக்கியதில்லை. இங்கு வந்தபின் மருத்துவர் அளந்து சொன்ன எண்ணே எமக்குப் பாடமாயிற்று. ஊரிலிருந்து பொதியில் வரும் கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் ஆகியவை ஊர் நினைவை ஆற்றுகின்றன. கூடவே உப்பையும் கொண்டுவருகின்றன. பாண், பாற்கட்டி, பொதி செய்த உணவுகள் ஆகியவற்றிலோ நாக்கறியாத உப்பு மறைந்துள்ளது.

வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே தகும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அஃது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டியளவு. பெற்றோரே, ஆண்டுக்கொரு முறையேனும் அமுக்கத்தை அளந்து பாருங்கள். மருத்துவர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உப்புக்கு மாற்றாக விற்கப்படும் பொற்றாசியம் கலந்த உப்பு, சிறுநீரக நோயாளர் சிலருக்கு ஆபத்தானது. அவரைக் கேட்டே வாங்குங்கள்.

மாணவர்களே, பொதியிலுள்ள இந்நாட்டு மொழி எழுத்துகளை உங்கள் அம்மம்மாவாலும் தாத்தாவாலும் வாசிக்க இயலாதிருக்கலாம். உங்களால் இயலும். அவற்றை வாசித்துத் தமிழிற் சொல்வது உங்கள் கடமை.

பயிற்சி: சோடியத்தின் அளவை 2.5 ஆற் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராம் உணவில் 800 மில்லிகிராம் சோடியம் இருப்பின், உப்பு எத்தனை கிராம்? விடையைக் கண்டபின், வீட்டுச் சமையலறையிலுள்ள மூன்று பொதிகளுக்கும் இதனைச் செய்து, இன்றிரவு உணவு மேசையில் வாசித்துக் காட்டுங்கள்.