ஓ.ஏ.பி. பைசாவும் ஒயின்ஷாப் கணக்கும்

குமரி மாவட்டம் கருங்கல் சந்தையில் சாளை மீனுக்குப் பேரம் பேசும்போதும், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேப்பர் புரட்டும்போதும் காதில் விழும் பேச்சு ஒன்றே: “ஓ.ஏ.பி. பைசா எல்லாம் எங்க போவுது? நேர ஒயின்ஷாப்புக்குத்தான்.” சொல்கிறவர் பெரும்பாலும் சர்க்கார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார். அவருடைய பென்ஷன் எங்கே போகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கணக்கே போட்டுப் பார்த்துவிடலாம். ஓ.ஏ.பி. எனப்படும் தமிழ்நாட்டு முதியோர் ஓய்வூதியம் 1962 ஏப்ரலில் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2011-ல் 1,000 ரூபாயானது. பன்னிரண்டு வருடம் அங்கேயே நின்று, 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. அதாவது நாளுக்கு 40 ரூபாய். 2024 பிப்ரவரியில் விலை ஏறிய பிறகு டாஸ்மாக்கில் சாதாரண குவார்ட்டர் 140 ரூபாய். மாதப் பணத்தை மொத்தமாகக் கொண்டுபோய்க் கொட்டினாலும் ஒன்பதாவது குவார்ட்டருக்குக் காசு தேறாது. இந்த வருமானத்தில் ஒருவர் குடித்தே அழிகிறார் என்றால், சாப்பாடு யார் போடுகிறார்கள் என்பதையும் அந்த டீக்கடை நிபுணர்களே சொல்லட்டும்.

வாங்குகிறவர்கள் யார் என்பதாவது தெரியுமா? கைம்பெண்களுக்கு 1975-ல் தனித் திட்டம் வந்தது. கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கு 1986-ல், 50 வயது தாண்டியும் மணமாகாத ஏழைப் பெண்களுக்கு 2008-ல். மூன்றும் பெண்களுக்கே உரியவை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நாலில் ஒருவர் குடிக்கிறார். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அப்படியானால் பழி எப்படிக் கிழவிகள் தலையில் விழுந்தது?

“இங்கே இல்லாவிட்டால் வேறெங்காவது நடந்திருக்கும்” என்பார்கள். அதையும் ஆராய்ந்தாகிவிட்டது. உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் எவான்ஸ், அன்னா போப்போவா இருவரும் லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா என மூன்று கண்டங்களின் 19 ஆய்வுகளைத் திரட்டி 2014-ல் வெளியிட்டார்கள். ஏழைகள் கையில் ரொக்கம் கொடுத்ததால் மது, புகையிலைச் செலவு கூடியதாகத் தெரியவில்லை. தென்னாப்பிரிக்கக் கதை இன்னும் சுவையானது. நிறவெறி ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் கறுப்பின முதியோருக்கான பென்ஷன் கணிசமாக உயர்ந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோ அந்த வீடுகளின் குழந்தைகளை ஆராய்ந்தார். பாட்டி பென்ஷன் வாங்கும் வீட்டில் பேத்திகளின் எடையும் உயரமும் கூடியிருந்தன. தாத்தா வாங்கும் வீட்டில் அப்படி எதுவும் தென்படவில்லை. தாத்தாக்கள் இதற்காகக் கோபித்துக்கொண்டு பயனில்லை.

பைசா செலவாகும் விதத்தைவிட, அது கைக்கு வந்து சேரும் விதத்தில்தான் கோளாறு அதிகம். அதைப் பற்றி டீக்கடையில் ஒரு வார்த்தை கிடையாது. கருங்கலைச் சுற்றியுள்ள அண்டி ஆபீசுகளில், அதாவது முந்திரி ஆலைகளில், தோடு உடைத்த பெண்களின் கைகளைப் பார்த்தால் புரியும். வறுத்த அண்டியின் தோட்டில் இருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். அப்படியும் விரல் நுனி கறுத்து, உரிந்து, வழவழப்பாகிவிடும். முப்பது வருடம் அப்படி உழைத்தவரிடம் கடைசியில் பென்ஷனுக்காக மிஷினில் விரலை வைக்கச் சொல்கிறார்கள். பேங்கு ஊழியர் கொண்டுவரும் கையடக்க மிஷின் சிவப்பு விளக்கைக் காட்டுகிறது. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைக்கிறார், மறுபடியும் சிவப்பு. “அடுத்த வாரம் வாங்கம்மா.” உழைத்ததற்கு அத்தாட்சி அந்தக் கை; அதையே மிஷின் ஆள் தெரியாத கையாக்கிவிடுகிறது.

மற்றக் கதைகளுக்கு இத்தனை மெனக்கெட வேண்டாம்.

‘முழுக்க டெல்லிப் பணம்’ என்பது ஒன்று. தேசியத் திட்டப் பட்டியலில் இருப்பவருக்கு மத்திய அரசு தருவது மாதம் 200 ரூபாய். 2007-க்குப் பிறகு அது அசையவே இல்லை. 80 வயதானால் 500. மீதி சென்னையின் பணம்.

‘களியக்காவிளை தாண்டினால் எல்லாக் கிழவருக்கும் கொட்டிக் கொடுக்கிறார்கள்’ என்பது நம் எல்லைப்புற ஏக்கம். கேரளத்தில் தொகை அதிகம்தான்: 1,600 ரூபாய், 2025 நவம்பரிலிருந்து 2,000. ஆனால் அங்கேயும் குடும்ப வருமானம் வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. 2023-ல் மாதக்கணக்கில் பாக்கி விழுந்து, அடிமாலியில் இரண்டு மூதாட்டிகள் பிச்சைச் சட்டியுடன் தெருவில் இறங்கிய செய்தி இங்குள்ள பேப்பர்களிலும் வந்தது.

‘ஏழை நாட்டுக்குக் கட்டுப்படியாகாது’ என்கிறவர்கள் நேபாளத்தைப் பார்க்கலாம். 1990-களின் நடுவில் 75 வயதைக் கடந்தவர்களுக்கு, ஏழையா பணக்காரரா என்று கேட்காமல், மாதம் 100 நேபாள ரூபாயில் ஆரம்பித்தார்கள். இப்போது 68 வயதிலேயே 4,000. நம்மைவிடப் பணக்கார நாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

‘பாதியை இடையிலேயே தின்றுவிடுகிறார்கள்’ என்ற பேச்சு மணியார்டர் காலத்தின் மிச்சம். 2013-ல் தமிழ்நாடு உட்பட பத்து மாநிலங்களில் நடந்த கள ஆய்வில், கணக்கு வழியாகப் போகும் பென்ஷனில் கசிவு மிகக் குறைவு என்றே தெரிந்தது.

பேச வேண்டியது அண்டி ஆபீஸ் பி.எஃப். பென்ஷனைப் பற்றி. பத்து வருட சர்வீஸ் இருந்தால் மாதாந்தரப் பென்ஷன் உண்டு. குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள், பத்தாண்டு கடந்தும் அதே ஆயிரம். அதையும் வாங்கவிடாமல் செய்வது காகிதம். ஆபீஸ் ரிஜிஸ்டரில் வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் ஞானஸ்நானப் பெயர், ரேஷன் கார்டில் வேறொரு பிறந்த தேதி. வேலையில் இருக்கும்போதே, ஆபீஸ் திறந்திருக்கும்போதே இதைத் திருத்திக்கொள்ள வேண்டும். முதலாளி கதவைச் சாத்திவிட்டுப் போனபின் கையெழுத்துக்கு யாரைத் தேடுவது? தொழிற்சங்கங்கள் கூலி உயர்வுக்குக் கொடி பிடிக்கட்டும். மாதம் ஒரு ஞாயிறு பெயர்த் திருத்த முகாமும் நடத்தட்டும். 

பி.எஃப். பென்ஷனைப் பொறுத்தவரை விரல் ரேகை விழாதவர்களும் அலைய வேண்டியதில்லை. அதற்கான உயிர்ச் சான்றை 2022 ஜூலை முதல் செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம். நவம்பர் மாதத்தில்தான் கொடுக்க வேண்டும் என்பதும் பி.எஃப். பென்ஷனுக்குப் பொருந்தாத பழைய கதை: வருடத்தில் எந்த நாளிலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் செல்லும். பேரன் கையில் இருக்கும் போனே போதும். ஆதார் எண்ணையும் பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு) நம்பரையும் எடுத்து வைத்துக்கொண்டு, வெளிச்சம் உள்ள திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள்.