உளமருத்துவரும் மறைபொருளும்

வெளியிடார் என்னும் நம்பிக்கையின்றி எந்நோயாளியும் உளமருத்துவரிடம் தன் நெஞ்சைத் திறவான். ஆயின், பிறிதோருயிரைக் கொல்லக் கருதுவதாக அவன் உரைப்பின் மருத்துவர் யாது செய்வார்?

அமெரிக்க தேசத்துக் கலிபோர்னியாவில் 1969-ஆம் ஆண்டு இவ்வினா எழுந்தது. பெர்க்லி சர்வகலாசாலை மாணவனொருவன், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் மருத்துவரிடம் கூறினான். அவர் சர்வகலாசாலைக் காவலருக்கு அறிவித்தார். காவலர் அவனைப் பிடித்து, தெளிந்த புத்தியுடையவனென எண்ணி விடுத்தனர். அப்பெண்ணுக்கோ அவள் பெற்றோருக்கோ ஒருவரும் சொல்லவில்லை. அக்டோபரில் அவள் கொலையுண்டாள்.

பெற்றோர் தொடுத்த தாரசாப் வழக்கில், அம்மாகாணத்து உச்ச நீதிமன்றம் 1974-இல் எச்சரித்தல் மருத்துவர் கடமை என்றது. 1976-இல் மீண்டும் ஆராய்ந்து, தக்க வழியால் காத்தலே கடமை எனத் திருத்திற்று. நீதிபதி கிளார்க் உடன்பட்டிலர். மறைபொருள் வெளிப்படுமென அஞ்சுவோர் மருத்துவரை நாடார்; அதனால் தீங்கு பெருகுமேயன்றிக் குறையாது என்றார். இவ்வாட்சேபம் எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும், காவலருக்கு உரைத்தபொழுதே மறைபொருள் வெளிப்பட்டதன்றோ? அறியவேண்டியவள் ஒருத்தியே அறியாதிருந்தாள். இதனை எண்ணுந்தோறும் யாம் தீர்ப்பின் பக்கமே சாய்கின்றோம்.

இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், பிறரைத் தீங்கினின்று காத்தற்பொருட்டு, அதற்கு வேண்டிய அளவே வெளியிட இடந்தருகின்றது. இடந்தருகின்றதேயன்றிக் கட்டளையிடவில்லை.