பழைய மோட்டார் சைக்கிளுக்குப் புதுப் பூச்சு



2020 மார்ச்சில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இந்த ஐந்து வருடத்தில் பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை ஏறியது. அவற்றை வாங்கிப் பூச்சடித்து விற்பதைப் பலர் தொழிலாகவே எடுத்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்திற்கு இது புதிதல்ல. 1990களில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடவிட்டுப் பழைய வண்டிகளைக் காப்பாற்றிய ஊர் அது.

பலாலி வீதியில் உரும்பிராய்ப் பக்கம் வீட்டு முற்றத்திலேயே இந்த வேலை செய்யும் தம்பி ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் பார்த்ததையும் என் அனுபவத்தையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

கழற்றலும் சுத்தம் செய்தலும்

என்ஜின், வயரிங், சில்லுகள், பெயாரிங், றப்பர் புஷ் எல்லாவற்றையும் கழற்றிச் சட்டகத்தைத் தனியாக எடுக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயால் கழுவி, பின் சவர்க்காரத் தூள் கரைத்த தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். எண்ணெய் உள்ள இடத்தில் எந்தப் பூச்சும் நிற்காது. அடுத்து வயர் பிரஷ்ஷாலும் 80ஆம் இலக்க எமரித் தாளாலும் வெறும் இரும்பு தெரியும்வரை பழைய பூச்சை எடுங்கள். செசி இலக்கம் அடித்த இடத்தில் மட்டும் எமரி போடக்கூடாது. அது அழிந்தால் வண்டியை விற்கவே முடியாது.

வெறும் இரும்பைப் பார்த்தல்

இதுதான் முக்கியமான கட்டம். ஹேண்டில் பொருந்தும் கழுத்துப் பகுதி, ஒட்டு வேலை செய்த மூலைகள், பின்சில்லுக் கவர் பூட்டும் இடம் ஆகியவற்றில் வெடிப்பு உண்டா என்று வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். ஹொண்டா எம்.டி. 90 போலத் தகடு அழுத்திச் செய்த சட்டகங்களில் துரு உள்ளிருந்தே தின்று வரும். ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டினால் மெலிந்த இடத்தில் சத்தம் மாறும். அப்படிப்பட்ட இடத்தைப் பட்டி பூசி மூடுவது பிறர் உயிரோடு விளையாடுவதாகும். தேர்ந்த வெல்டரிடம் காட்டுங்கள். திருத்த முடியாதென்று அவர் சொன்னால் சட்டகத்தை ஒதுக்கிவிடுங்கள்.

பூச்சு

நமது கடற்காற்றில் வெறும் இரும்பை ஓரிரவுகூட விடக்கூடாது. அன்றே எபொக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். காய்ந்தபின் 400ஆம் இலக்கத் தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, மெல்லிய படைகளாக நிறம் கொடுக்க வேண்டும். தடிப்பாக ஒரேயடியாக அடித்தால் வழியும். பெயாரிங் இருக்கும் இடங்கள், மரைகள், ஏர்த் வயர் பூட்டும் இடம் ஆகியவற்றை டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஈரத்தால் பூச்சில் வெண்மை படரும். சோளகக் காற்றிலோ செம்மண் தூசி ஒட்டும். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையான காலைப் பொழுதுகள் நல்லவை.

ஹார்ட்னர் கலக்கும் டூ கே பெயின்ற் பெற்றோல் பட்டாலும் தாங்கும். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி முகமூடி அதைத் தடுக்காது. ஆகவே பிரைமர் வரை வீட்டில் செய்துவிட்டு, நிறத்தைத் தகுந்த கூடமுள்ள கடையில் கொடுப்பதே புத்தி. பவுடர் கோட்டிங் செய்வதானால் சட்டகம் ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் சூட்டில் வேகும். சாதாரண பட்டி அதைத் தாங்காது.

சில்லுகள்

கம்பிச் சில்லைக் கழற்றுமுன் கம்பிகள் பின்னிய விதத்தைப் படமெடுங்கள். குரோம் உரிந்த றிம்மில் உரிந்த ஓரங்களை நன்கு தேய்த்து எடுக்காமல் நிறம் அடித்தால் அது குரோமோடு சேர்ந்து கழன்று வரும். பிரேக் டிரம்மின் உட்பக்கத்தில் பெயின்ற் படவே கூடாது. கம்பி பூட்டியபின் நெளிவு எடுப்பதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். அலோய் சில்லில் வெடிப்பிருந்தால் பூசி மறைக்காமல் கழித்துவிடுங்கள்.

விற்கும்போது

சாமான் செலவோடு உங்கள் நாட்கூலியையும் எழுதிக் கணக்குப் பாருங்கள். இலாபம் என்று நினைத்தது வெறும் கூலியாகவே இருக்கலாம். நிறம் மாற்றியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவிலும் அதை மாற்ற வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்ததென்று வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவரைக் கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. நமக்கு இதைச் செயற்படுத்துவது இன்று கடினமல்ல. பூச்சடிக்கு முன் வெறும் இரும்பையும், ஒட்டு வேலை செய்த இடத்தையும் தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். வாங்க வருபவரிடம் அந்தப் படங்களைக் காட்டி, செய்த வேலையைச் சொல்லி, விலையைக் கேளுங்கள். உரும்பிராய்த் தம்பி இப்படித்தான் விற்கிறார். சிலர் படத்தைப் பார்த்துவிட்டு விலையைக் குறைக்கக் கேட்பதுண்டு. ஆனால் ஒரு முறை வாங்கியவரே அடுத்தவரையும் அழைத்து வருகிறார். குறையைச் சொல்லி விற்பதில்தான் பரகத் இருக்கிறது. அல்லாஹ் நம் தொழிலை ஹலாலாக்கி வைப்பானாக.